வன்னிக் காட்டுக்கு எந்தக் கத்தி?

வணக்கம். நெடுங்கேணிப் பக்கத்தில் மாமாவின் வயற்காவலுக்குப் போய்க் காட்டோரத்தில் சில இரவுகள் தங்கப்போவதாகவும், பிடிக்குள் தூண்டில் நரம்பும் தீப்பெட்டிக் குச்சிகளும் வைக்கக்கூடிய, முதுகில் வாள்பல் உள்ள கத்தியை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். பிடி உட்குழிவாக இருந்தால் அலகின் வால், அதாவது பிடிக்குள் நுழையும் பகுதி, பெரும்பாலும் மிகக் குட்டையாகவே இருக்கும். நான் அப்படியொரு கத்தியால் காய்ந்த பாலைமர விறகைப் பிளக்க, கத்தியின் முதுகில் தடியால் நாலு அடி போட்டதில், அலகு விறகிலேயே நிற்க, என் கையில் வெறும் பிடி மட்டும் மிஞ்சியது.

அலகும் பிடியின் கடைசிவரை ஓடும் வாலும் ஒரே இரும்பாக உள்ளதா என்பதையே முதலில் பாருங்கள். அலகின் நீளம் 10 முதல் 12 சென்ரிமீற்றர், தடிப்பு 3 முதல் 4 மில்லிமீற்றர் போதும். கரியுருக்கை (காபன் ஸ்டீலை) தீட்டுவது இலகு என்றாலும், ஐப்பசி தொடங்கி மாரி முழுவதும் ஈரம் விடாத அந்த மண்ணில் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசாமல் விட்டால் அது ஓரிரவிலேயே துருவேறும். சோம்பல் உள்ளவர்களுக்குத் (எனக்கும்தான்) துருப்பிடிக்காத உருக்கே ஏற்றது.

உண்மையில், சூரைப் பற்றையை வெட்டவும் கொட்டிலுக்குக் கம்பு தறிக்கவும் உங்களுக்கு உதவப்போவது, லொறி வில்லுத்தகட்டில் கொல்லர் அடித்துக் கொடுக்கும் காட்டுக்கத்திதான். சிறிய கத்தி கயிறு வெட்ட, மீன் சுத்தம் செய்ய, தீமூட்டச் சிராய் சீவ. போர்க்கால மிதிவெடிகள் இன்னும் புதைந்திருக்கலாம் என்பதால், எதையும் கொண்டு நிலத்தைக் கிண்டாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் போகவே வேண்டாம்.