குடல்வால் ஆபரேஷன் முடிந்த அன்றே வீட்டுக்கு வரலாமா?

தங்கைக்கு அப்பெண்டிசைட்டிஸ் (குடல்வால் வீக்கம்), லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்து மாலையே அனுப்பிவிடுவோம் என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம். ஆனால் 'மாலையே' என்பது கேமரா உள்ளே போன பிறகுதான் உறுதியாகும். குடல்வால் வெறுமனே வீங்கியிருந்தால் அன்றே வீடு திரும்பலாம். வெடித்துச் சீழ் பரவியிருந்தால் வயிற்றைச் சுத்தம் செய்து, ஊசி வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து, சில நாள் வைத்திருப்பார்கள். அப்படி ஆனால் பில்லுக்காக இழுக்கிறார்கள் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

முறையைப் பற்றிப் பயம் வேண்டாம். ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் 1980-லேயே இப்படிக் குடல்வாலை எடுத்துவிட்டார். அன்றைக்கு அறுவை மருத்துவர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். இன்று இதுதான் வழக்கமான சிகிச்சை.

என் மகனும் காலையில் ஆபரேஷன் முடிந்து இரவு வீட்டுக்கு வந்துவிட்டான். தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் இரண்டு. அந்தக் காயங்களை விட அவனைப் படுத்தியது வலது தோள்வலிதான். நான் நடுங்கிப்போனேன். வார்டுக்குப் போன் செய்தபோது நர்ஸ் பொறுமையாக விளக்கினார்: வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் மிஞ்சி உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துகிறது, அதன் நரம்பின் வழியாக வலி தோளில் தெரிகிறது. மெல்ல நடக்க வைத்தோம், ஓரிரு நாளில் போய்விட்டது. கிளம்பும்போதே இதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

குடித்தது வாந்தியாகாமல் நிற்க வேண்டும், சிறுநீர் போயிருக்க வேண்டும், மாத்திரையிலேயே வலி அடங்க வேண்டும். இதெல்லாம் சரியாக இல்லாமல் கிளம்பாதீர்கள். இரவில் அழைத்தால் எடுக்கும் நம்பர் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். வீடு வெகுதூரம் என்றால் ஒரு ராத்திரி அங்கேயே இருப்பதுதான் நல்லது என்பேன். காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வயிறு உப்புதல், ஓயாத வாந்தி, காயத்தில் சீழ் இவற்றில் எது வந்தாலும், சில நாள் கழித்து வந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ். பொதுவாக 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். அன்றே வீடு திரும்பும் 'டே கேர்' சிகிச்சைக்கு விலக்கு உண்டு, அதில் இது அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எடுத்த குடல்வாலைப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். அபூர்வமாக அதில் கட்டி இருப்பது தெரியவரும், அதனால் ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.