கிரெட்டா எலக்ட்ரிக் வாங்கும் முன் அடகு ரசீதுகளை எடுத்துப் பாருங்கள்

கேள்வி:

ஐயா, நான் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கிறேன். உசிலம்பட்டியில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். பிடித்தம் போக 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், அவருக்கு 24,000. வீட்டுக் கடன் தவணை 21,000. பெட்ரோல், பிள்ளைகள் ஃபீஸ், அப்பா அம்மா மருந்து, மளிகை எல்லாம் 48,000. மாதம் 23,000 மிச்சம்.

இப்போது இருப்பது 2016 மாடல் பெட்ரோல் கார். அதை மச்சினனுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். கிரெட்டா எலக்ட்ரிக், 51.4 கிலோவாட்-மணி பேட்டரி மாடலை 25,000 கட்டி புக் செய்திருக்கிறேன். ஆன்-ரோடு 22 லட்சம். 17 லட்சம் கார் லோன், 7 வருடம். மீதி 5 லட்சத்துக்கு நகைக் கடனை நம்பியிருக்கிறேன். 26 பவுன் இப்போது 8 லட்சத்துக்கு இருக்கிறது. 2021 கடைசியில் அக்கா மகள் சடங்குக்குச் சீர் செய்ய 3 லட்சம் எடுத்தேன். 2023-இல் தங்கை மாப்பிள்ளை கடை வைக்க 3 லட்சம் எடுத்துக் கொடுத்தேன். வருடா வருடம் மாற்றி வைத்து வருகிறேன். அடுத்த மாதம் மாற்றும்போது, தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 5 லட்சம் கிடைக்கும் என்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் 1.1 லட்சம் இருக்கிறது.

குடும்பத்தோடு சென்னை, கொடைக்கானல் போனால் ரேஞ்ச் போதுமா? வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை ஓடிவிடும் என்கிறார்கள். வட்டிக்கு 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்றும் ஒருவர் சொன்னார். பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டம் நல்லதா? ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

பதில்:

வண்டியைப் பற்றிய கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ரேஞ்ச் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்த மாடல் 2025 ஜனவரியில் வந்தபோது ஒரு சார்ஜுக்கு 473 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அது சோதனைக்கூடக் கணக்கு. உசிலம்பட்டி ரோட்டில் ஏசி போட்டுக்கொண்டு, நிதானமாக 100 கிலோமீட்டர் ஓட 15 யூனிட் என்று வைத்தால், 51.4 யூனிட் பிடிக்கும் இந்த பேட்டரிக்கு 330, 340 வரும். நான்கு வழிச்சாலையில் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி 100, 110 வேகத்தில் போனால் 17, 18 யூனிட் தின்னும், 280 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-இல் போவதைவிட 110-இல் போகும்போது காற்றின் தடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 8 வினாடிக்குள் தொடுகிற வண்டி இது. இழுவையில் ஒரு குறையும் இல்லை, அதை அடிக்கடி அனுபவித்தால் மீட்டரில் தெரியும், அவ்வளவுதான்.

சென்னை 460 கிலோமீட்டர். முழுசாக நிரப்பிக்கொண்டு கிளம்பி, திருச்சியில் ஒரு முறை, விழுப்புரம் பக்கம் ஒரு முறை ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம். 10 சதவீதத்திலிருந்து 80 வரைக்கும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 80-க்கு மேல் மெதுவாகத்தான் ஏறும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கொடைக்கானல் கணக்கு வேறு. இங்கிருந்து 120 கிலோமீட்டர்தான், ஆனால் மேலே போக ஏறக்குறைய 2,000 மீட்டர் ஏற வேண்டும். ஆட்களோடு இரண்டு டன் எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கவே தனியாக 11 யூனிட் வேண்டும். தூரத்துக்கு 18 யூனிட்டைச் சேர்த்தால் ஏற மட்டும் 29. இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க அந்த 11 யூனிட்டில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்ப வந்துவிடும். போய்வர மொத்தம் 40 யூனிட்டுக்குள் அடங்கும். இருந்தாலும் தங்கும் விடுதியில் பிளக் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள் தினசரி ஓட்டமோ போய்வர 60 கிலோமீட்டர். அதற்கு 10 யூனிட் போதும். வீட்டில் இருக்கும் 15 ஆம்ப்ஸ் பிளக்கில் மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். 7 கிலோவாட் சார்ஜர், அதற்காக மூன்று பேஸ் இணைப்பு என்று செலவு வைத்துக்கொள்ள அவசரமே இல்லை. வயரிங்கையும் எர்த்தையும் மட்டும் நல்ல எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கரண்ட் பில்லில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நூறு யூனிட் இலவசம், அப்புறம் நாலு ஐந்து ரூபாய் என்ற விலையை வைத்துக்கொண்டு கிலோமீட்டருக்கு எழுபது பைசா என்று கணக்குச் சொல்வார்கள். நம் ஊர் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, ஏற ஏற ஸ்லாபும் ஏறுகிறது. உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 380 யூனிட் என்று வைத்தால் பில் 1,100 ரூபாய் வாக்கில் வரும். வருடம் 20,000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, காருக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 550 யூனிட். மொத்தம் 930 ஆகிவிடும். 500-ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 800-ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கு மேல். பில் 6,000 ரூபாயைத் தொடும். காரின் பங்கு மாதம் 2,500. வெளியில் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் யூனிட் 20 ரூபாய் பக்கம் ஆகிவிடும்.

அப்படியும் லாபம்தான். இதே தூரத்துக்கு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் உங்கள் பழைய வண்டி மாதம் 10,600 ரூபாய்க்குப் பெட்ரோல் குடிக்கிறது. ஆக மிச்சம் 8,000. இவ்வளவு தூரம் தினமும் ஓட்டுகிறவருக்கு மின்சார வண்டி பொருத்தமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வரிக் கழிவு விஷயம் பழைய கதை. அதைத் தந்த வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்குத்தான். இப்போது வாங்கும் கடனுக்கு ஒரு பைசா கிடையாது. பேட்டரி வாடகைத் திட்டத்தில் வண்டி விலை குறைவாகத் தெரியும். கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தாலும், மாதம் 1,700 கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு 6,000 ரூபாய் வாடகை. பெட்ரோலில் மிஞ்சிய எட்டாயிரத்தில் முக்கால்வாசி அங்கே போய்விடும். குறைவாக ஓட்டுகிறவர்களுக்குக்கூட குறைந்தபட்ச வாடகை என்று ஒன்று இருக்கும். இந்த மாதிரிப் புதுப் பெயர் வைத்த திட்டங்களில் தலையைக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். அக்கா மகள் சீருக்கு 3 லட்சம், மாப்பிள்ளைக்கு 3 லட்சம். கூட்டினால் 6. ரசீதில் இருப்பது 8. அந்த இரண்டு லட்சம் யாருக்குப் போனது? நீங்கள் எழுதவில்லை, ஏனென்றால் யாருக்கும் கொடுக்கவில்லை. அது வட்டி. ஒன்பதரை சதவீதத்தில் நான்கு வருடமும் இரண்டு வருடமும் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அப்படியே வரும். ஒவ்வொரு முறை மாற்றி வைக்கும்போதும் புதுக் கடனிலிருந்தே பழைய வட்டியைக் கழித்திருக்கிறார்கள். உங்கள் பையிலிருந்து எதுவும் போகாததால் வலிக்கவில்லை. இன்றைக்கு அந்த வட்டி வருடம் 76,000 ரூபாய், மாதம் 6,300. நீங்கள் அவ்வளவு கவனமாக எழுதிய வரவு செலவில் அப்படி ஒரு வரியே இல்லை.

இதுதான் உங்களைக் கெடுக்கும் பழக்கம். தங்கம் விலை ஏறும்போது அதே வளையலுக்கு அதிகப் பணம் தருகிறார்கள். அதை நீங்கள் வரவாக நினைக்கிறீர்கள். நகை ஒரு கிராம்கூடக் கூடவில்லை, கடன்தான் கூடியிருக்கிறது. விலை எப்போதும் ஒரே பக்கம் போகாது. 2013 ஏப்ரலில் தங்கம் சட்டென்று சரிந்தபோது நகைக் கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். நகையின் மதிப்பு கடனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பணம் கட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் ஏலம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, 2026 ஏப்ரல் 1-இலிருந்து, வட்டியைக் கட்டினால்தான், அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் இந்த வகைக் கடனைப் புதுப்பிக்க முடியும். எவ்வளவு கடன் தரலாம் என்று பார்க்கும்போதும் வருடக் கடைசியில் சேரப்போகும் வட்டியையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இதுவரை போன வழி இனி அவ்வளவு எளிதாக இருக்காது.

இப்போது காரைச் சேர்த்துப் பாருங்கள். 17 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் 7 வருடத் தவணை 27,350. நகைக் கடன் 13 லட்சமானால் வட்டி மட்டும் மாதம் 10,300. இன்ஷூரன்ஸ் பழைய வண்டியைவிட மாதத்துக்கு 3,000 கூடும். மொத்தம் 40,000-க்கு மேல். உங்களிடம் இருப்பது 23,000 மிச்சமும் பெட்ரோலில் மிஞ்சும் 8,000-மும், ஆக 31,000. சர்வீஸ் செலவு கொஞ்சம் குறையும் என்பதைச் சேர்த்தாலும் மாதம் 9,000 துண்டு விழுகிறது. வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அதை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? மறுபடியும் நகையை மாற்றி வைத்துத்தான்.

அந்த 23,000 மீதும் எனக்குச் சந்தேகம். மாதா மாதம் அவ்வளவு மிஞ்சியிருந்தால் இரண்டு வருடத்தில் ஐந்து லட்சம் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் இருப்பது 1.1 லட்சம். செய்முறை, மொய், குலதெய்வம் கோயிலுக்குப் போய்வரும் செலவு என்று மீதி எங்கோ போகிறது. அது தவறு என்று சொல்ல மாட்டேன். தாய்மாமனாக நிற்பதை விட்டுவிடச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் சீர் என்பது கையில் இருக்கும் பணத்தில் செய்வது. உங்கள் மனைவியின் கழுத்திலிருந்து கழற்றிச் செய்வது அல்ல. கடிதம் முழுக்கத் தேடினேன், இதைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. 26 பவுனும் அவருடையது என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்று ராத்திரி அவரிடம் உட்கார்ந்து எல்லா ரசீதுகளையும் காட்டிப் பேசுங்கள்.

அடுத்து மாப்பிள்ளை. 3 லட்சம் வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது, கடை ஓடுகிறது என்றால் மாதம் 8,000 கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. தங்கை மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள், அது வீட்டுக்குள் சண்டையில் முடியும். நேரில் போய், "மாப்ளே, நகை மூழ்கப் போகுது, மாசம் இவ்வளவு போட்டு விடுங்க" என்று கேளுங்கள். வட்டியைக் கூடக் கேட்க வேண்டாம், அசல் வந்தால் போதும்.

உங்கள் 23,000-மும் அவருடைய 8,000-மும் மாதம் ஐந்தாம் தேதிக்குள் நகைக் கடன் கணக்குக்குப் போகட்டும். பெரும்பாலான வங்கிகள் பகுதிப் பணம் வாங்கிக்கொள்ளும். அப்படிக் கட்டினால் ஒன்றரை வருடத்தில் 8 லட்சம் மூன்றேகால் லட்சமாக இறங்கும், இரண்டரை வருடத்துக்குள் 26 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். இடையில் ஆறு மாதம்கூட 23,000 கட்ட முடியவில்லை என்றால், 27,350 தவணை உங்களால் முடியாது என்பது காரை வாங்காமலே தெரிந்துவிடும்.

கடன் நான்கு லட்சத்துக்குக் கீழே வந்த பிறகு காரைப் பேசலாம். அப்போதும் 22 லட்சத்து மாடல் வேண்டியதில்லை. தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குச் சின்ன பேட்டரி தாராளம். இதே வண்டியில் 42 கிலோவாட்-மணி பேட்டரி மாடலும் இருக்கிறது, இன்னும் சிறிய வண்டிகளும் இருக்கின்றன. வருடத்தில் இரண்டு மூன்று முறை சென்னை போகும்போது ஒரு இடம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். அதற்காக லட்சக்கணக்கில் அதிகம் கொடுக்க வேண்டாம். பழைய காரை மச்சினனுக்குச் சும்மா கொடுக்காதீர்கள். அது இன்றைக்கும் இரண்டு மூன்று லட்சம் பெறும், உங்கள் முன்பணத்தில் பாதி அதுதான். அவர் ஆசைப்பட்டால் மதிப்புப் போட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் இரண்டு வேலை இருக்கிறது. ஷோரூமில் புக்கிங்கை ரத்து செய்ய எழுத்து மூலம் கொடுத்து 25,000 திரும்பக் கேளுங்கள், கொஞ்சம் பிடித்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் வங்கிக்குப் போகும்போது சேமிப்பில் இருக்கும் 1.1 லட்சத்திலிருந்து 76,000 வட்டியைக் கையோடு கட்டிவிடுங்கள். எட்டு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்று சொல்லுங்கள். நகைகளை ஒரே ரசீதில் வைக்காமல் மூன்று நான்கு ரசீதாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் பணம் சேரச் சேர ஒவ்வொன்றாகத் திருப்ப முடியும். மனைவி அதிகம் போடுகிற நகை எதுவோ அதைச் சின்ன ரசீதில் வையுங்கள், அது முதலில் வரட்டும்.