ஷோரன்னர் மாறினா என்ன ஆகும்? – கடிதம்

வணக்கம்ண்ணே,

ஸ்டார் ட்ரெக் டிஸ்கவரிங்கிற விண்வெளி சீரியல்ல இப்பதான் மூணாவது சீசன்ல இருக்கேன். ஒவ்வொரு சீசனும் வேற சீரியல் மாதிரி இருக்கு. முதல் சீசன்ல மொட்டையா இருந்த கிளிங்கான்கிற வேற்றுகிரக இனத்துக்கு ரெண்டாவதுல முடி முளைச்சிருச்சு, மூணாவதுல கப்பலையே 900 வருஷம் தாண்டி கொண்டுபோய் விட்டுட்டாங்க. கதைக்கும் எழுத்தாளர் குழுவுக்கும் தலைமை தாங்குற ஷோரன்னரை மாத்திக்கிட்டே இருந்ததால வந்த வினைன்னு ஃப்ரெண்ட் சொல்றான். இதே ஸ்டார் ட்ரெக்ல முன்னாடி வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஏழு சீசனும் ஒரே ஆள் கையில ஒழுங்கா ஓடுச்சே, இவங்களால ஏன் முடியல?

வணக்கம் தம்பி,

ஒரே ஆள் கையிலயா? யார் சொன்னா? அங்க நடந்த கூத்து டிஸ்கவரியை விட மோசம். 1987ல ஆரம்பிச்சப்ப, ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கின ஜீன் ராடன்பெரியோட வக்கீல் ஸ்கிரிப்ட்ல கை வைக்கிற அளவுக்கு நிலைமை, பழைய ஸ்டார் ட்ரெக் சீரியல்ல எழுதின டி.சி. ஃபோண்டானா, டேவிட் ஜெரால்ட் எல்லாம் வெறுத்துப்போய் சீக்கிரமே கிளம்பிட்டாங்க. அப்புறம் பொறுப்புக்கு வந்தது மாரிஸ் ஹர்லி, ரெண்டாவது சீசனோட அவரும் போயாச்சு. மூணாவதுக்கு வந்தவர் சில வாரத்துலயே கிளம்பிட்டார். அதுக்கப்புறம்தான் 1989ல மைக்கேல் பில்லர் வர்றார், வந்து பார்த்தா அடுத்து ஷூட் பண்ண கையில ஸ்கிரிப்டே இல்ல.

அவர் என்ன பண்ணார்னா, ஏஜென்ட் இல்லாதவங்க அனுப்புறதையும் படிக்கிறோம்னு கதவைத் திறந்துவிட்டார். அப்படி வெளியாள் ஸ்கிரிப்டா வந்து கிடந்ததுதான் ரொனால்ட் டி. மூர் எழுதின 'தி பாண்டிங்', ஒரு மிஷன்ல அம்மா செத்துப்போய் கப்பல்ல தனியா நிக்குற பையனோட கதை. ராடன்பெரி ஒத்துக்கல, 24ம் நூற்றாண்டுல குழந்தைங்க சாவை இயல்பா எடுத்துக்கும், அழாதுன்னுட்டார். பில்லர் மல்லுக்கு நிக்கல. சரி பையன் அழவே வேணாம், அவன் அழாம இருக்கிறதுதான் சுத்தி இருக்கிறவங்களுக்குக் கவலைன்னு கதையைத் திருப்பிட்டார். ரூலும் உடையல, கதை முன்னைவிட கனமாயிடுச்சு. புது ஷோரன்னரோட திறமையை நான் இந்த மாதிரி இடத்துலதான் பார்ப்பேன், கிளிங்கானுக்கு முடி இருக்கா இல்லையாங்கிறது எனக்கு ரெண்டாம் பட்சம்.

இன்னொண்ணு, நெக்ஸ்ட் ஜெனரேஷன்காரங்களுக்கு வசதியும் இருந்துச்சு. வருஷத்துக்கு 26 எபிசோட், பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பு கிடையாது, ஒண்ணு சொதப்பினா அடுத்த வாரம் மறந்துரும். டிஸ்கவரி அப்படியில்ல, சீசன் முழுக்க ஒரே முடிச்சு. ரெண்டாவது சீசன் ஏழு சிவப்பு சிக்னல் மர்மத்தோட தொடங்கும்ல, அதை ஆரம்பிச்ச கிரெட்சன் பெர்க், ஏரன் ஹார்பர்ட்ஸ் ரெண்டு பேரையும் வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே 2018 ஜூன்ல தூக்கிட்டு அலெக்ஸ் கர்ட்ஸ்மன் கையில எடுத்துக்கிட்டார். ஒருத்தர் வச்ச புள்ளிக்கு இன்னொருத்தர் கோலம் போட்டா எங்கயாவது இழுக்கத்தானே செய்யும்?

இதுல வேடிக்கை என்னன்னா, டிஸ்கவரியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான பிரையன் ஃபுல்லர் முதல்ல கேட்டதே சீசனுக்கு ஒரு காலம், ஒரு கதைன்னு தனித்தனியா எடுக்கணும்னுதான். சேனல் ஒத்துக்கல, முதல் எபிசோட் வர்றதுக்கு முந்தின வருஷமே, 2016லயே அவர் பொறுப்பை விட்டுட்டார். ப்ளான் பண்ணி செய்யணும்னு அவர் நினைச்சது ஆள் மாறி மாறி தானா நடந்துருச்சு.

அந்த 900 வருஷத் தாவலை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். பழைய சீரியலோட கேப்டன் கிர்க் காலத்துக்கு பத்து வருஷம் முன்னாடி கதையை வச்சுக்கிட்டு, கப்பலை நொடியில ரொம்ப தூரம் கொண்டுபோற இந்த ஸ்போர் ட்ரைவைப் பத்தி பின்னாடி வந்த ஒருத்தருக்கும் ஏன் தெரியலன்னு எத்தனை நாள் சமாளிக்கிறது? கர்ட்ஸ்மனும் மிஷல் பாரடைஸும் மூணாவது சீசனைக் கொண்டுபோன இடத்துல அந்தக் கேள்வியே கிடையாது.

பில்லருக்கும் ஒரு கண்டம் இருந்துச்சு. 1990ல நெக்ஸ்ட் ஜெனரேஷன் கேப்டன் பிகார்டை போர்க்ங்கிற பாதி எந்திர எதிரிக் கூட்டம் பிடிச்சு வச்சுக்கிட்டு சீசனை முடிச்சாரே, அதை எழுதும்போது அடுத்த வருஷம் தான் வேலையில இருப்போமான்னே அவருக்குத் தெரியாது, அதனால ரெண்டாம் பாகத்துக்கு விடையும் யோசிக்கல. அவர் மட்டும் போயிருந்தா அந்த முடிச்சும் வேற யார் தலையிலயாவது விழுந்திருக்கும். டிஸ்கவரியைப் பாதியில நிறுத்தாதீங்க, நடுவுல ஒருநாள் 'தி பாண்டிங்' மட்டும் பார்த்துட்டு எழுதுங்க.