யாழ்ப்பாணத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தொழிலிடப் பயிற்சி ஒழுங்குசெய்வது ஏன் கடினமாக இருக்கிறது?

தொழிலிடப் பயிற்சி என்பது, வகுப்பில் படித்ததை மாணவர் ஒரு வேலைத்தளத்தில், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் செய்து பழகும் காலம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரால் மூடப்பட்ட பின் அந்த அளவிலான தொழிற்சாலை இங்கு எழாததால், இன்று பயிற்சிக்கு இடம் தரக்கூடியவை பெரும்பாலும் சிறு வேலைத்தளங்களே. மூன்று பேர் வேலைசெய்யும் மோட்டார் சைக்கிள் கராஜில், வால்வு இடைவெளி பார்க்கும் முறையை ஒரு மாணவருக்குக் காட்டிக்கொடுக்கும் மெக்கானிக், அந்நேரம் வாடிக்கையாளரின் வண்டியை ஒதுக்கிவைக்கவேண்டும்.

கல்லூரிகள் ஒரே பருவத்தில் மாணவரை அனுப்பும்போது, ஊர் முழுவதும் ஒரே வேளையில் ஒரு கிணற்றில் அள்ளினால் ஊறுவதற்கு அவகாசம் இல்லாமற்போவது போன்ற நிலை உண்டாகிறது. அவை தம்முள் பேசி மாதங்களைப் பிரித்துக்கொள்வதே முதலில் செய்யவேண்டியது என்பது என் உறுதியான கருத்து. கொழும்புக்கு அனுப்பலாம்தான், ஆனால் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பல குடும்பங்களால் தாங்கமுடியாதவை.

பயிற்சி மாணவர் என்றால் முதலாளிக்குச் சம்பளமில்லாத வேலையாள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தொடக்க வாரங்களில் அவர் தரும் உழைப்பைவிட அவருக்குக் கற்பிக்கச் செலவாகும் நேரமே பெரும்பாலும் அதிகம்.