ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாம் எங்கே தயாராகின்றன? பழைய தரம் இப்போது இல்லை என்பது உண்மையா?

பாதி உண்மை.

"அப்பா வாங்கிய ஸ்பேனர் இன்னும் உழைக்கிறது, நான் ஆன்லைனில் வாங்கிய செட் ஒரு வருஷத்தில் வாய் விரிந்துவிட்டது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். (மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்துவிட்டு இப்போது கோவையில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். டூல்ஸைப் பிடித்தும் பார்த்திருக்கிறேன், விற்றும் பார்க்கிறேன்.) ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறோம். அப்பா காலத்திலும் மட்டமான ஸ்பேனர் இருந்தது. அதெல்லாம் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. நல்லது மட்டும் டப்பாவில் தங்கியிருக்கிறது, அதை வைத்து அந்தக் காலத்தையே அளக்கிறோம்.

முதலில், எங்கே தயாராகிறது? பம்பு, கிரைண்டர், லேத் என்று எல்லாம் செய்கிற கோவையில் கைக்கருவிக்கென்று பெரிய தொழில் வேரூன்றவில்லை. நம் பட்டறைகளில் புழங்கும் சரக்கில் பெரும்பகுதி வடக்கிலிருந்து வருவதுதான். டபாரியா என்றால் நாசிக். 1969இல் சுவீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு தொடங்கியது. எலெக்ட்ரீஷியன் பையில் இருக்கும் கட்டிங் பிளேயருக்கு அந்தப் பெயரே பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. பஞ்சாபில் ஜலந்தரும் லூதியானாவும் ஸ்பேனர், பைப் ரிஞ்ச், வைஸ், சி கிளாம்ப் ஆகியவற்றின் கோட்டை. ஜலந்தரில் மத்திய அரசின் கைக்கருவி நிலையமே 1983 முதல் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி, சோதனை, பயிற்சி எல்லாம் உண்டு. ராஜஸ்தானில் நாகௌர் என்ற ஊர் குறடு, சுத்தியல், தட்டான் கருவிகளுக்குப் பேர்போனது. அரம் என்றால் கொங்கண் கரை. ரத்னகிரி, சிப்ளூன் பக்கத்து ஆலைகளில் ஜே.கே. அரங்கள் தயாராகி உலகம் முழுக்கப் போகின்றன. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த எவனும் 'பாஸ்டர்ட் அரம்' (பல் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும் ரகம்) என்று வாத்தியார் முதல் தடவை சொன்னபோது வகுப்பே சிரித்ததை மறந்திருக்க மாட்டான். அந்த அரமும் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

வெளிநாட்டுக் கதை கொஞ்சம் வேறு. ஜெர்மனியில் வூப்பர்டால், ரெம்ஷைட் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நிபெக்ஸ், ஸ்டால்வில்லே வூப்பர்டாலிலும் ஹாஸெட், கெடோர் ரெம்ஷைடிலும் நூறு வருஷம் தாண்டி நிற்கிற பெயர்கள். ஜப்பானில் நீகாட்டா மாநிலத்து சான்ஜோ, சுபாமே. தைவானில் தைசுங். அமெரிக்காவில் ஸ்னாப் ஆன், சானல்லாக், எஸ்ட்விங் போன்ற சிலர் இன்னும் உள்ளூரிலேயே செய்கிறார்கள். மற்ற பெரிய பெயர்கள் பல சீனாவுக்கும் தைவானுக்கும் மெக்சிகோவுக்கும் நகர்ந்துவிட்டன.

அப்படி நகர்ந்ததில் எனக்கு மனசு கேட்காத கதை வைஸ் கிரிப்புடையது. நட்டு மழுங்கிப்போனால் மெக்கானிக் கடைசியாக எடுக்கிற, கவ்வினால் விடாத அந்த லாக்கிங் பிளேயர்தான். அதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் பீட்டர்சன், டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன ஒரு கொல்லர். நெப்ராஸ்கா மாநிலத்தில் டிவிட் என்ற குக்கிராமத்தில், 1920களில். அந்த ஊருக்கே அந்த ஆலைதான் சோறு போட்டது. 2008இல் ஆலையை மூடி உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள், 300 பேருக்கு மேல் வேலை போயிற்று. பிறகு மால்கோ என்ற இன்னொரு நிறுவனம் அதே ஊரில் ஈகிள் கிரிப் என்ற பெயரில் மறுபடி செய்து பார்த்தது. பொருள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீனச் சரக்கின் விலையோடு மல்லுக்கட்ட முடியாமல் சில வருஷத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கிராஃப்ட்ஸ்மேன் என்ற அமெரிக்க டூல்ஸ் பிராண்டின் கதையும் இப்படித்தான். 2019இல் டெக்சாஸில் ஆட்களைக் குறைத்து எந்திரங்களை நம்பிப் புது ஆலை அறிவித்தார்கள். எந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023இல் மூடுவதாக அறிவிப்பு வந்தது.

இதையெல்லாம் கேட்டதும் "சீனாவுக்குப் போனதால்தான் கெட்டது" என்று முடிவுகட்டுகிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பேனர் செய்யும் முறை எந்த ஊரிலும் ஒன்றுதான். கம்பியை வெட்டி, 1,100 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வைத்துப் பெரிய ஹேமரில் அடிப்பார்கள். ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பிசிறை வெட்டுவார்கள். பிறகு டெம்பர். அதாவது 850 டிகிரி சுமாருக்குச் சூடேற்றி எண்ணெயில் முக்கி, மறுபடியும் குறைந்த சூட்டில் வைத்து எடுப்பது. அதற்கப்புறம் கிரைண்டிங், நிக்கல், குரோம் முலாம், கேஜ் வைத்துச் சோதனை.

இதில் கண்ணுக்குத் தெரியாத படி டெம்பர் ஒன்றுதான். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவன் கை வைப்பதும் அங்கேதான். டெம்பர் குறைந்தால் வாய் விரியும், கூடினால் பட்டென்று உடையும். ஸ்பேனருக்குக் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் நாற்பதுகளில் இருந்தால் சரி. கட்டிங் பிளேயரின் வெட்டு வாய்க்கு மட்டும் 60 சுமாருக்கு ஏற்ற வேண்டும், அதுவும் அந்த ஓரத்துக்கு மட்டும். பிடி, மூட்டு எல்லாம் அவ்வளவு கடினமானால் கீழே விழுந்ததுமே தெறித்துவிடும். 'குரோம் வெனேடியம்' என்று எழுத்துப் பொறித்திருப்பதைக் காட்டி விற்கிறார்களே, அது இரும்பின் ஜாதியை மட்டும்தான் சொல்கிறது. அரிசி பொன்னியாக இருந்தாலும் உலை சரியில்லை என்றால் சோறு வேகாது.

பெரிய ஆலைகளில் ஃபோர்ஜிங் (காய்ச்சி அச்சில் அடிப்பது) முதல் முலாம் வரை ஒரே கூரைக்குக் கீழே நடக்கும். சின்ன யூனிட்டுகள் அப்படியில்லை. அடிப்பது ஒருவர், டெம்பர் போடுவது இன்னொரு இடத்தில் ஜாப் ஒர்க், முலாம் மூன்றாவது இடத்தில். அதனால்தான் ஒரே பெயரில் வந்த இரண்டு பெட்டியில் ஒன்று கல் மாதிரி இருக்கும், இன்னொன்று ஈயமாக வளையும். கடைக்காரனுக்கு இது பெரிய தலைவலி. மூன்று மாதத்துக்கு முன் "அருமையான ஸ்பேனர் அண்ணா" என்று வாங்கிப்போன அதே மெக்கானிக் தம்பி, வேறு பேட்ச் வந்ததும் "என்னண்ணா இது, 14ஆம் நம்பர் ரெண்டே நாள்ல லூஸ் ஆயிருச்சு" என்று மேசையில் போடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜலந்தரில் உள்ளூர்ப் பெயரில் சரக்கு அடிக்கிற அதே ஆலைகள் வெளிநாட்டு பிராண்டுகளுக்கும் அடித்துக் கொடுக்கின்றன. சீனாவிலும் அப்படியே. ஆர்டர் கொடுப்பவன் 'இவ்வளவு கடினம், இவ்வளவு டார்க் (முறுக்கு விசை) தாங்க வேண்டும், இத்தனைக்கு ஒன்றைச் சோதிக்க வேண்டும்' என்று கேட்டால் அப்படிச் செய்கிறார்கள். 'எவ்வளவு குறைந்த விலைக்கு முடியும்?' என்று மட்டும் கேட்டால் அதற்கேற்றதுதான் வரும். அந்தப் பேரத்தில் தரம் கூடினதற்கு உதாரணம் தைவான். ஒரு காலத்தில் மட்டச் சரக்கு என்று பெயர் வாங்கிய ஊர், இன்று மெக்கானிக்குகள் மதிக்கும் ராட்செட்டுகளை (நட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டி முடுக்குகிற பிடி) அனுப்புகிறது.

சில விஷயங்கள் முன்பைவிட நிச்சயம் மேல். பழைய ராட்செட்டில் இருபது முப்பது பல் இருக்கும், ஒரு பல் தாண்டவே கையை நன்றாகச் சுழற்ற வேண்டும். இன்று நடுத்தர விலையிலேயே 72 பல் கிடைக்கிறது. இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கைவிட்டு வேலை செய்பவனுக்கு அதன் அருமை தெரியும். ஆயிரம் வோல்ட் இன்சுலேஷன் சோதனை செய்த பிளேயர், கை வழுக்காத திருப்புளிப் பிடி, கம்ப்யூட்டரில் வெட்டிய அச்சால் வாயளவு பிசகாமல் இருப்பது, இதெல்லாம் புதுசு. கெட்டுப்போனது நடுத்தட்டு என்பேன். முன்பு சாதாரண மெக்கானிக் வாங்கக்கூடிய விலையில் நம்பகமான ஒன்று கிடைத்தது. இப்போது ஒரு பக்கம் ஜெர்மன் விலை, இன்னொரு பக்கம் நூறு துண்டு செட் பிளாஸ்டிக் பெட்டியில் ஆயிரத்து சொச்சத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அரத்தின் நிலை தனி. கைவேலை குறைந்து கிரைண்டர் வந்துவிட்டதால் நல்ல அரத்துக்குக் கிராக்கியே குறைந்துவிட்டது. நிக்கல்சன் என்ற பழைய அரம் கம்பெனி அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கும் பிரேசிலுக்கும் போன பிறகு முன்போல் இல்லை என்று அந்த ஊர் ஆசாரிகளே புலம்புகிறார்கள்.

போலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர்போன பிராண்டுகளை ஒத்த அட்டை, அதே நிறப் பிடி, பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். கட்டிங் பிளேயரை மூடி டியூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். வெட்டு வாய் இரண்டும் சேருமிடத்தில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மூட்டில் லொடலொடவென்று ஆட்டம் இருக்கக் கூடாது, அதே சமயம் ஒரு கையால் திறக்கவும் வர வேண்டும். ஒரு ஒற்றை இழை செம்புக் கம்பியை நுனியில் வைத்து வெட்டச் சொல்லுங்கள். நசுங்கித் தொங்கினால் வேண்டாம். ரிங் ஸ்பேனரில் வளையத்துக்கு உள்ளே விரலை ஓட்டினால் மூலைகள் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். முலாம் திரண்டு மூலை மழுங்கியிருந்தால் அது உங்கள் நட்டையும் மழுங்கடிக்கும். பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கிரைண்டிங் கோடுகளை மறைக்கத்தான் பல நேரம் அவ்வளவு தடிமனாகக் குரோம் ஏற்றுகிறார்கள்.

வீட்டுக்கு என்ன வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிய செட் வேண்டாம். எட்டு அங்குலக் கட்டிங் பிளேயர் ஒன்று, நல்ல திருப்புளி இரண்டு (ஒன்று பட்டை, ஒன்று ஸ்டார்), 10-11, 12-13, 14-15 ஸ்பேனர்கள், பத்து அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று. இவற்றை நாசிக் அல்லது ஜலந்தர் சரக்கில் தனித்தனியாக, பில்லோடு வாங்குங்கள். செட்டைவிடக் கொஞ்சம் கூட ஆகும். சுத்தியல் எதுவானாலும் பரவாயில்லை, காம்பு மட்டும் ஆடாமல் இருந்தால் போதும். மிச்சம் பிடிக்கக் கூடாத ஒன்று டெஸ்டர். அதன் உள்ளே இருக்கும் சின்ன ரெசிஸ்டர்தான் கரண்டைத் தடுத்து உங்கள் விரல் வரை ஆபத்தில்லாத அளவுக்குக் குறைத்து விடுகிறது. பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய்க்குக் கூவி விற்கிற டெஸ்டருக்குள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நல்லதாகவே வாங்கினாலும், வேலை தொடங்கும் முன் கரண்ட் இருப்பது உறுதியான பிளக் பாயிண்டில் ஒருமுறை வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.