வாசகர் கேள்வி – பதில்: இயற்பியல் வீட்டுப்பாடமும் நுண்கணிதமும்

கேள்வி: மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். நேரத்தை 'நே' நொடி என்று குறித்தால், நேர்க்கோட்டில் செல்லும் துகளின் நிலை நே³ − 6நே² + 9நே மீட்டர். முதல் 4 நொடிகளில் அது கடந்த தொலைவைக் காண வேண்டும். எனக்கு 4 மீட்டர் வருகிறது, வகுப்பில் தந்த விடையோ 12. கணித வகுப்பில் வகையிடலே இன்னும் தொடங்கவில்லை. யாரிடம், எப்படி உதவி கேட்பது?
– மாணவி, திண்டுக்கல்

பதில்: உங்கள் 4 வேறொரு கேள்விக்குச் சரியான விடை. நே-க்கு 4 என்று இட்டு நீங்கள் பெற்றது துகளின் இடப்பெயர்ச்சி, அதாவது புறப்பட்ட இடத்திலிருந்து அது கடைசியில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. தொலைவு வேண்டுமானால், துகள் வழியில் எங்கேனும் திரும்பியதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிலையை வகையிட்டால், அதாவது அது நேரத்தோடு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று கண்டால், திசைவேகம் 3நே² − 12நே + 9 எனக் கிடைக்கிறது. அது 1-ஆம் நொடியிலும் 3-ஆம் நொடியிலும் சுழியாகி, இரண்டு இடத்திலும் குறி மாறுகிறது. அந்தக் கணங்களில் நிலை முறையே 4 மீட்டர், 0 மீட்டர். ஆகவே துகள் 4 மீட்டர் முன்னே சென்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மறுபடியும் 4 மீட்டர் சென்றிருக்கிறது, மொத்தம் 12. திசைவேகத்தை 0 முதல் 4 வரை ஒரேயடியாகத் தொகையிட்டாலும் (இது வகையிடலின் எதிர்ச்செயல்) உங்களுக்கு 4 தான் வரும், ஏனெனில் 1-க்கும் 3-க்கும் இடையே திசைவேகம் எதிர்க்குறி கொண்டிருப்பதால் அந்தப் பகுதியில் சென்ற தொலைவு கழிந்துவிடுகிறது.

நீங்கள் தடுமாறுவதில் வியப்பில்லை. இயற்பியல் பாடநூலின் இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே நுண்கணிதம் (வகையிடலும் தொகையிடலும்) வந்துவிடுகிறது. கணிதப் பாடநூலிலோ அது இரண்டாம் தொகுதியில்தான் இருக்கிறது. (நியூட்டன் நுண்கணிதத்தை வளர்த்ததே இயக்கத்தை ஆராய்ந்தபடிதான் என்பதால் இந்த வரிசை வரலாற்றுக்கு முரணானதன்று, ஆனால் அந்தச் சமாதானம் நாளை காலை நோட்டைக் காட்ட வேண்டியவருக்கு உதவாது.) அடுக்குகளை வகையிடும் விதியை மட்டும் கணித ஆசிரியரிடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இயக்கவியல் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும்.

யாரிடம் கேட்பது என்பதை, நீங்கள் எந்த வரியில் நின்றீர்கள் என்பதே தீர்மானிக்கும். நே³ ஐ வகையிடத் தெரியவில்லை என்றால் அது கணித ஆசிரியருக்கான ஐயம். வகையிட்ட பிறகு அதை ஏன் சுழிக்குச் சமப்படுத்த வேண்டும் என்பது விளங்கவில்லை என்றால் இயற்பியல் ஆசிரியரிடம் செல்லுங்கள். இருவரில் யாரிடம் போனாலும், வினாவை முழுமையாக எழுதி, அதன் கீழே நீங்கள் போட்ட வரிகளையும் அடிக்காமல் அப்படியே காட்டுங்கள். "இந்தக் கணக்கு வரவில்லை" என்று மட்டும் சொன்னால், ஆசிரியர் முழுக் கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். நீங்கள் தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் குழப்பிக்கொண்டது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: என் மகன் கணக்கைக் கைப்பேசியில் படம் எடுத்து, செயலி தரும் படிகளை அப்படியே நோட்டில் எழுதிவிடுகிறான். எனக்கு நுண்கணிதம் தெரியாது. இதை நான் எப்படிக் கண்காணிப்பது?
– வாசகர், சேலம்

பதில்: செயலியைப் பிடுங்கி வைப்பதால் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தானாகச் சிறிது நேரம் முயன்ற பிறகே படம் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். சோதிப்பதற்கு உங்களுக்கு நுண்கணிதம் தேவையில்லை. அவன் எழுதி முடித்த கணக்கில் ஓர் எண்ணை மாற்றி, கைப்பேசி இல்லாமல் மறுபடியும் போடச் சொல்லுங்கள். மேலே உள்ள கணக்கையே 4 நொடிக்குப் பதிலாக 2 நொடி என்று மாற்றிக் கேட்கலாம். விடை 6 மீட்டர் என்று சொல்லி, அது ஏன் 2 இல்லை என்பதையும் அவன் உங்களுக்கு விளங்கும்படி சொன்னால், செயலியிடம் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கல்லூரியில் தரும் பயிற்சித் தாள்களில் விடைகள் இருப்பதில்லை. போட்டது சரியா என்று எப்படி அறிவது?
– இளநிலை இயற்பியல் மாணவர், மதுரை

பதில்: தொகையிட்டுப் பெற்றதைத் திரும்ப வகையிட்டுப் பாருங்கள், தொடங்கிய கோவை கிடைக்க வேண்டும். அலகுகளையும் சரிபாருங்கள்: முடுக்கத்தை நேரத்தைக் கொண்டு தொகையிட்டால் மீட்டர்/நொடி வராமல் வேறு ஏதேனும் வந்திருந்தால், எங்கோ ஒரு நேரக் காரணி விடுபட்டிருக்கிறது. வரையறுக்காத தொகையிடலில் மாறிலியை விட்டுவிட்டால் இவ்விரண்டு சோதனைகளும் அதைக் காட்டிக்கொடுக்கா. தொடக்க நிலையை இட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.