புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது அக்கம்பக்கம் உங்களுக்கு எப்படிக் கைகொடுத்தது?

கேள்வி கேட்டவர் கனடாவில் இருக்கிறார். பனிப்புயலில் மூன்று நாள் ஹீட்டர் இல்லாமல் இருந்ததையும், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையே அப்போதுதான் தெரிந்துகொண்டதையும் எழுதி, மற்றவர்கள் அனுபவம் என்ன என்று கேட்டிருக்கிறார். இலங்கை மலையகத்தில் எங்களிடம் பனிப்புயல் கிடையாது. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும், அவ்வளவுதான். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு பதினொரு நாள் நாங்களும் இருட்டிலும் குளிரிலும் கிடந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன, அவர் கடைசியாக யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார் என்பது வரை இங்கே எல்லாருக்கும் தெரியும். என் பதில் முழுக்க அந்தச் சங்கடத்தைப் பற்றியதுதான்.

நான் நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். லயத்தில்தான் வீடு. லயம் தெரியாதவர்களுக்கு: வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், அதாவது அறைகள், ஒரே தகரக் கூரை. எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து “நூறு” என்று குரல் வரும். ஏழு பேர்ச் (இங்கே காணி அளக்கிற அலகு) காணியில் தனி வீடு கிடைத்தால் போதும், இந்தச் சுவரிலிருந்து தப்பிக்கலாம் என்று எத்தனையோ வருடம் நினைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் பக்கத்துக் காம்பராச் சித்தி. உறவு எதுவும் இல்லை, ஊருக்கே அவர் சித்திதான். எனக்கு யாரிடமிருந்து போன் வந்தது, நான் ஏன் இரண்டு நாளாக இறைச்சி சமைக்கவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் மாட்டார்.

நவம்பர் 27ஆம் திகதி வியாழக்கிழமை. மழை அதற்கு முதல் நாளே பிடித்துவிட்டது. சாயங்காலம் சவுக்கு மரம் ஒன்று கம்பியோடு சாய்ந்து கரண்ட் போனது. அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, மழை என்றால் கரண்ட் போவது வழக்கம்தானே. கொஞ்ச நேரத்தில், மேல் லயத்துப் பாட்டி பீலியிலிருந்து, மலை ஊற்றுத் தண்ணி விழுகிற குழாயடியிலிருந்து, வாளியோடு நேராக என் வாசலுக்கு வந்தார். நாற்பது வருடம் அந்த மலையில் கொழுந்து எடுத்தவர்.

“டீச்சர், இந்தத் தண்ணியப் பாருங்க.”

டோர்ச் அடித்துப் பார்த்தேன். பால் கூடிப்போன தேத்தண்ணி நிறம். பீலித் தண்ணி எந்த மழையிலும் அப்படி வந்ததில்லை, கானில், அதாவது வடிகாலில், ஓடுகிற தண்ணிதான் கலங்கும். “மலைக்குள்ள மண்ணு கரையுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிற எச்சரிக்கை கொடுக்கும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, அதாவது வெளியேற வேண்டும். ஊற்றுத் தண்ணி திடீரென்று கலங்குவது, அல்லது நின்றுபோவது, மரமும் போஸ்ட்டும் சாய்வது, தரையில் வெடிப்பு விழுவது எல்லாம் அவர்கள் சொல்கிற அறிகுறிகள். பிள்ளைகளுக்கு நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் போன் டவரும் செத்துப்போய், எந்த நிறம் வந்தது என்று பார்க்க வழியில்லை. எங்களிடம் இருந்தது பாட்டியின் வாளி மட்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களை மண் மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் மேல் லயத்து ஒன்பது குடும்பத்தையும் பாடசாலைக்கு இறக்குவது என்று வாலிபப் பிள்ளைகள் முடிவெடுத்தபோது ஒருவரும் வாதாடவில்லை.

ஒரு தாத்தாவைத் தவிர. “மாடு வந்தாத்தான் நான் வருவேன்.” சரி, முதலில் மாட்டை இறக்கினோம். மூன்றாம் ஆண்டு வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே கட்டினோம். பிறகு தாத்தா வந்தார்.

பாடசாலையில் நான் வரவுப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்ப அட்டைக் கணக்குப்படி தலை எண்ணினேன். முப்பத்தெட்டு. தலவாக்கலைக்குப் போயிருந்த ஒருவரைக் கழித்தால் சரியாக இருந்தது. அந்த நேரம் சித்தி படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மூணாங் காம்பராவுல கொழும்புல இருந்து தங்கச்சி மவன் வந்து நிக்கிறானே, அவன் எங்க?”

எந்தப் பதிவிலும் அந்தப் பையன் இல்லை. கடையில் வேலை போய்விட்டது என்று வீட்டுக்குத் தெரியாமல் பெரியம்மா வீட்டுக்கு வந்து நான்கு நாளாக வெளியே தலைகாட்டாமல் இருந்திருக்கிறான். பெரியம்மா அன்று தலவாக்கலைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீடு பூட்டிக்கிடந்ததால் கூப்பிடப் போனவர்கள் யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள். அவன் பின்பக்கக் காம்பராவில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு தூங்குகிறான். இரண்டு பேர் திரும்ப ஏறிப் போய்க் கதவை உடைத்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

விடியக்காலை மூன்று மணி போல, லொறியிலிருந்து கருங்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் மேல் லயத்தில் முதல் நாலு காம்பராக்களின் பின்பக்கம் இல்லை. மூன்றாவதும் அதில் ஒன்று.

இலங்கை முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் அந்தப் புயலில் செத்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில்தான் பெரிய அடி. எங்களைப் போலவே அக்கறையாக இருந்த ஊர்களிலும் மண் விழுந்து மூடியது. எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லாமல் போனதை நான் கெட்டித்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையன் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பதிவேடு அவனை விட்டுவிட்டது, சித்தியின் வம்பு விடவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு நாள். ரோட்டில் மண், ரயில் பாதையிலும் மண், கடைக்குச் சாமான் வரவில்லை. கடைக்காரர் ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ மா என்று கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கொடுத்தார். முதல் நாளே ஒருவர் மெழுகுதிரி முழுவதையும் வாங்கிப் பதுக்கிவிட்டார், அவர் பெயர் இங்கே வேண்டாம், தோட்டத்தில் இன்னும் அவரை ‘மெழுகுதிரி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாட்டி கார்த்திகை விளக்கீட்டுக்கென்று வைத்திருந்த சிட்டி விளக்குகளையெல்லாம் எடுத்து வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தார். டிசம்பர் முதல் வாரத்தில் கார்த்திகை வந்தபோது ஊற்ற எண்ணெய் இல்லை. விறகுக்குக் கஷ்டமில்லை. கவ்வாத்து வெட்டின (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மிலாறு, அதாவது குச்சி, எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேலே காய்ந்து கிடந்தது. கேஸ் வாங்கிப் பெருமைப்பட்ட நாங்கள்தான் மிலாறுக்கு மற்ற வீடுகளில் கை நீட்டினோம்.

ஒரு சண்டையும் நடந்தது. த்ரீவீல் வைத்திருக்கும் தம்பி பெற்றரியில் போன் சார்ஜ் போட ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கினான். ஆபத்து நேரத்தில் காசா என்று ஏசினார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எஞ்சினை ஓடவிடாமல் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் பெற்றரி இறங்கிவிடும், ஓடவிடுவதற்குப் பெற்றோல் வேண்டும், பெற்றோல் வருகிற ரோடு மண்ணுக்குள் கிடந்தது. கர்ப்பிணி ஒருத்திக்கு வலி வந்த இரவு, மண் விழுந்த இடம் வரைக்கும் அவளைக் கொண்டுபோனது அந்த த்ரீவீல்தான். அதற்கு அவன் காசு கேட்கவில்லை.

ஐந்தாம் காம்பரா மாமாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறவர். பிரிட்ஜ் இல்லை, மருந்து கெட்டுவிடும் என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அவர் இன்சுலின் போடுவதே எனக்குத் தெரியாது. சித்திக்குத் தெரியும், தோட்ட வைத்தியசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் கீழ்ப் பங்களாப் பக்கம் இருப்பதும் தெரியும். அவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாவித்துக்கொண்டிருக்கிற குப்பி 25 பாகைக்குள் இருந்தால் ஏறக்குறைய நாலு கிழமை வெளியிலேயே இருக்கலாம், இந்தக் குளிரில் பயப்பட ஒன்றுமில்லை, அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள் என்றார் அவர். மாமா அதற்குப் பிறகும் ஈரமணல் போட்ட சட்டிக்குள்தான் வைத்தார்.

இதை மட்டும் குளிர் நாட்டில் இருப்பவர்கள் கவனமாக வாசியுங்கள். எங்கள் வரிசைக் கடைசியில் பிள்ளை பெற்று இருபது நாள் ஆன ஒரு தங்கச்சி. குளிருக்குச் சுவர் மேல் இடைவெளியைப் பொலித்தீனால் அடைத்து, கதவுக்குக் கீழே சாக்கைத் திணித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கரிச்சட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இரவு இரண்டு மணிக்குச் சித்தி என் கதவைத் தட்டினார். “டீச்சர், அந்தப் புள்ள இந்நேரம் அழுவும். இன்னைக்கு அழுவல.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போனோம். கதவை உடைத்தால் தாய்க்கு எழும்ப முடியவில்லை, தலை வெடிக்கிறது என்கிறாள், வாந்தி. பிள்ளை துவண்டு கிடந்தது. இரண்டு பேரையும் இஸ்தோப்புக்கு, முன் திண்ணைக்கு, தூக்கி வந்து காற்றில் வைத்தோம். பிள்ளை வீறிட்டு அழ எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு நினைவில்லை, நீண்ட நேரம் மாதிரி இருந்தது. மூடின அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மொனொக்சைட்டு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஜெனரேட்டர், இறைச்சி வாட்டுகிற கரி அடுப்பு எல்லாவற்றுக்கும் இதேதான். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

போன் கதை இன்னொன்று. தண்ணித் தாங்கிக்கு மேலே ஒரு கல்லில் ஏறி நின்றால் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும், வந்தால் போகும். கோல் எடுபடாது, எஸ்எம்எஸ் சில நேரம் போகும், அதற்கு ஒரு நொடி சிக்னல் போதும். உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, பரீட்சை தள்ளிப்போனதால் சும்மா இருந்தாள். கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் செய்தி எழுதினாள். யாருக்கும் சொந்தப் பிள்ளையின் நம்பர் பாடமில்லை, சார்ஜ் செத்த போனுக்குள் கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு போனையும் த்ரீவீலில் இரண்டு நிமிடம் போட்டு நம்பரை எடுத்தாள். அந்தக் கொப்பியை நான் பார்த்தேன். “கொழும்பு மகளுக்கு: நாங்க இருக்கோம். சுவர் போச்சு. வராத, ரோடு இல்ல.” “அண்ணனுக்கு: அம்மாவுக்குச் சளி மட்டும்.” மாட்டுத் தாத்தா கட்டாரில் இருக்கிற மகனுக்குச் சொன்னது: “மாடு இருக்கு. நாங்களும் இருக்கோம்.” அடுத்த நாள் பதில் வந்தது: “புல்லு இருக்கா?”

நாட்டுப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். கீழே சிங்களக் கிராமத்தில் லீக்ஸும் கரட்டும் கொழும்புக்கு ஏற்ற வழியில்லாமல் தோட்டத்திலேயே கிடந்தது. ஆறு பேர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள்ளால் ஏறி வந்தார்கள். தமிழருக்கு எதிரான 77, 83 கலவரங்களைப் பார்த்த பாட்டி, ஆட்கள் கூட்டமாக ஏறி வருவதைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை. சாக்கை இறக்கி வைத்துவிட்டு, விறகு இருக்குமா என்று அவர்கள் கேட்டார்கள். கிராமத்தில் நனையாத விறகு ஒன்றுகூட இல்லையாம். மிலாறு கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது தடவை வந்தபோது பாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்து, தெரிந்த சிங்களத்தில் லீக்ஸ் சின்னதாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

மின்சாரசபை ஆட்கள் பத்தாம் நாள் வந்தார்கள். போஸ்ட்டை லொறியில் கொண்டுவர முடியாது. நம் பிள்ளைகள் இருபது பேர் கயிறு கட்டி இழுத்தார்கள், கம்பியைத் தொடவிடவில்லை. வேலை முடிய அடுத்த நாள் இருட்டிவிட்டது, இன்றைக்கு வராது என்று எல்லாரும் படுத்துவிட்டோம். நடு இரவில் லயம் முழுக்க ஒரேயடியாக வெளிச்சம். பதினொரு நாளில் ஒருவரும் சுவிட்சை அணைக்கவில்லை. எங்கேயோ டிவி அலறுகிறது, நாய் குரைக்கிறது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பல்பைப் பார்த்தபடி கிடந்தேன்.

சுவருக்கு மேலே சித்தியின் குரல் வந்தது. “டீச்சர், லைட்ட அணைச்சிட்டுப் படுங்க. பில்லு ஏறும்.”